பொய்க்கு ஏறாத பெட்ரோல்

அநியாயம் நடந்தது என் பெரியம்மா சோலையம்மாளுக்கு. நடத்தியது என் அப்பா தனுஷ்கோடி. பக்கத்தில் நின்று தலையாட்டியது குருவிகுத்தி விலக்கு என்கிற எங்கள் ஊர் மொத்தமும். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு அநியாயத்தைப் பற்றி வாயைத் திறந்தால் உடனே ஒருத்தர் எழுந்து "ரெண்டு பக்கமும் கேக்கணும்ல" என்று சொல்லி எல்லாருக்கும் டீ சொல்லுவார், டீ வந்து சேர்வதற்குள் அநியாயம் ஆறிப்போய்விடும்.

மதுரையிலிருந்து தெற்கே இறங்கும் சாலையில், மலையடிவாரத்துக்கு ஒரு கிளை பிரிகிற முக்கில், பெரியப்பா சேதுராமன் பெயரில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பெயர் மட்டும்தான் அவருடையது. அவருக்குக் கோயில் கமிட்டி இருந்தது, சீட்டுக்கச்சேரி இருந்தது, தேர்தல் வந்தால் மேடை இருந்தது. டேங்கர் வந்தால் குழிக்குள் குச்சி விட்டு அளவு பார்ப்பதும், லாரிக்காரர்களிடம் மல்லுக்கட்டுவதும், கண்ணாடி துடைப்பதும், டயரை விரலால் சுண்டிப் பார்த்துக் காற்றுக் குறைவு என்று சொல்வதும் பெரியம்மா. கல்யாணமாகி வந்த புதிதில் தாலிக்கயிற்று மஞ்சள் போவதற்குள் பெட்ரோல் வாசனை ஏறிக்கொண்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பெரியப்பா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கருமாதியன்று எங்கள் வழக்கப்படி செத்தவரின் மகன் மணையில் உட்காருவான், மாமன்மார் புதுத்துண்டை அவன் தலையில் உருமாவாகக் கட்டுவார்கள், அந்தத் துண்டு யார் தலையில் ஏறுகிறதோ வீடும் தொழிலும் அவன் கைக்குப் போகும். பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. அந்த பங்க்கை அத்தனை வருஷம் நடத்தியவர் உள்ளறை மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்க, என் அப்பா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னே போய் மணையில் உட்கார்ந்தார். துண்டு ஏறியது. சட்டப்படி பெண்டாட்டிதானே வாரிசு என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன், பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன், "சும்மா இரு, சின்னப்பிள்ளை" என்றார்கள். அன்று சாயங்காலமே 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அச்சடித்த தாளைப் பெரியம்மாவிடம் நீட்டி, "கையெழுத்துப் போடு தாயி, ஆம்பள பாத்துக்கிடுவான்" என்று சொன்னது ஆண்களல்ல, சுற்றி உட்கார்ந்து அழுத பெண்கள். அதை நான் மறக்கவேயில்லை. பெரியம்மா போட்டார். அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மதினி, நீங்க இனிமே வெயில்ல நிக்க வேணாம். வீட்டுல நிம்மதியா இருங்க, நீங்க எங்க போகப் போறீங்க?" என்றார்.

பங்க்குக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் ஓட்டுவீடு. அதை மட்டும் அப்பா தொடவில்லை. அதோடு தன் பெருந்தன்மைக்கு அடையாளமாக, பங்க்கின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த பழைய பம்ப்பையும் மினி வேனில் ஏற்றி அனுப்பினார். "அண்ணன் ஞாபகமா மதினிகிட்டயே இருக்கட்டும்" என்றாராம். பழைய இரும்புக்காரன் கேட்ட விலை அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்த பம்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் உயரம், சிவப்புச் சாயம், தலையில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை, இடுப்பில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் தரைக்கடியிலிருந்து பெட்ரோல் ஏறி, கண்ணாடிக்குள் தேன் நிறத்தில் நிரம்பும், வாங்குகிறவர் தன் கண்ணாலேயே பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு இறங்கும். மீட்டர் கிடையாது, கரண்ட் கிடையாது. குடுவைக்குக் கீழே ஒரு பீங்கான் தகட்டில் கேலன் விலை எழுதியிருந்தது, அந்தக் காசுக்கு இன்று ஒரு டீ கூடக் கிடைக்காது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விலை. ஜின்னிங் ஃபாக்டரி முதலாளி கார், டாக்டர் கார், மிஷன் ஸ்கூல் பாதிரியார் கார் என்று சாலைக்கு மூன்று கார் இருந்தபோது, ஒரு கேலன் வாங்குவதற்கு முன்னால் குடும்பமே உட்கார்ந்து யோசித்ததாம். கார் வந்து நின்றால், அப்போது பங்க் வைத்திருந்த என் தாத்தா எழுந்து போய் முதலில் கேட்பது, "எங்க போறீங்க?" அது வம்புக்குக் கேட்பதல்ல. மலையேறுகிறதா, மண்ரோடா, திரும்பி வருகிறதா, எத்தனை பேர், இதெல்லாம் தெரிந்தால்தான் எவ்வளவு ஊற்றுவது, டயரில் எவ்வளவு காற்று, ரேடியேட்டருக்கு எத்தனை செம்பு தண்ணீர் என்று கணக்குப் போட முடியும். கரண்ட் பம்ப் வந்து யாரும் யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போன பிறகும் பெரியம்மாவுக்கு அந்த வழக்கம் விடவில்லை. ஐம்பது ரூபாய்க்குப் போடச்சொல்லும் காலேஜ் பையனிடமும் "எங்கய்யா போற?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயை எடுப்பார்.

மினி வேன்காரன் இறக்கிப் போட்ட பம்ப்பைப் பெரியம்மா தேய்த்துக் கழுவினார், ஒரு டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கி அடித்தார், வாசலுக்கும் தார்ரோட்டுக்கும் நடுவிலிருந்த தன் சொந்த இடத்தில் குழி தோண்டி அதை நிமிர்த்தி நட்டு, சுற்றிலும் சிமென்ட் பூசினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. விதவை எதையோ நட்டுக்கொண்டிருக்கிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சிமென்ட் காய்ந்த ஒரு காலையில், முத்திருளன் தன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரிசர்வும் தீர்ந்துபோய், அப்பாவின் பங்க்கில் கடன் சொன்னதற்கு அங்கே வேலை பார்க்கிறவன் ஏதோ சொல்லிவிட்டான், முகம் கறுத்துப்போய் இந்தப் பக்கம் வந்து நின்றான். பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பழக்கம் நாக்கில் இருந்ததால் கேட்டார்.

"எங்கய்யா போற?"

"எனக்கென்னக்கா தெரியும்? ஏறுறவுக சொல்ற இடத்துக்குப் போறேன்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். அடியில் டேங்க் இல்லை, குழாய் இல்லை, செம்மண்தான் இருந்தது. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறியது, விளிம்பு வரை ஏறி, வெயில் பட்டு நின்றது. முத்திருளன் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "ஆயில் கலந்ததா, கலக்காததாக்கா?" என்று கேட்டான்.

எங்கள் ஊர் இந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பதற்கு அந்தக் கேள்வியே போதும். ஏன் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை, வந்தவர்கள் கேட்டதெல்லாம் காற்று பிடிக்க முடியுமா, சில்லறை இருக்கிறதா, மதியம் சாப்பிடப் போனால் யார் அடிப்பார்கள் என்பதுதான், காசிம் அண்ணன் தன் டீக்கடை பெஞ்சை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டார், பூக்காரி வரிசையின் ஓரமாக வந்து உட்கார்ந்தாள், பெரியம்மா பீங்கான் தகட்டில் எழுதியிருந்த விலையை மட்டும் வாங்கினார், "போர்டுல என்ன போட்டிருக்கோ அதான்" என்றார், நூறு ரூபாய்க்கு மேலே விற்கிற பெட்ரோலை அந்த விலைக்கு வாங்கிய ஜனங்கள் பண்டிகைக்கு வந்தவர்கள் போல ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பு ஒன்றியக் கவுன்சிலர் வருகிற வரைக்கும்தான் இருந்தது. அவர் வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எங்கய்யா போறீங்க?"

"மக்கள் குறை கேக்க, மலையடிவாரம் வரைக்கும்."

பெரியம்மா ஆட்டினார். குடுவை காலியாக இருந்தது. மறுபடி ஆட்டினார். காற்று இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"ரிப்பேரா?" என்றார் கவுன்சிலர்.

"தெரியலய்யா. இப்பத்தான் முன்னாடி உள்ளவருக்கு ஏறுச்சு."

அவருடைய டிரைவர், வெகுளியான ஆள், ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "நாம மணல் அள்ளுற எடத்துக்குல்லண்ணே போறோம்?" என்றான். பெட்ரோல் குபுகுபுவென்று ஏறியது.

வரிசை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. கவுன்சிலர் காசைக் கொடுத்துவிட்டுப் போனார், டிரைவரை வழியிலேயே இறக்கிவிட்டார் என்று கேள்வி. அன்றைக்குப் புரிந்தது: இந்த பம்ப்பில் காசு அல்ல விலை. எங்கே போகிறோம் என்பதை நாலுபேர் காதுபட, உள்ளபடி சொல்லவேண்டும், சொன்னால் ஏறும், பொய்யென்றால் ஏறாது.

இங்கேதான் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. நான் மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன், பெட்ரோல் விலை ஏன் ஏறுகிறது என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறேன், கச்சா எண்ணெய், வரி, டாலர் என்று எல்லாரும் சொல்லுவார்கள். வண்டி வைத்துக்கொள்வது கட்டுப்படியாகவில்லை என்று புலம்பாத வீடு கிடையாது. சரி, அதே பெட்ரோல் ஒரு டீ விலைக்கும் குறைவாகக் கிடைத்தபோது என்ன செய்தார்கள்? ஊரில் பாதி ஆம்பளைகள் வண்டியைத் திருப்பி, சாலையைத் தாண்டி, அப்பாவின் பங்க்கில் முழு விலை கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உண்மை அவ்வளவு விலை. இதை எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்?

ஆனால் ஊர் என்பது வேகமாகக் கற்றுக்கொள்கிற மிருகம். எதிரெதிரே இரண்டு பங்க், நடுவில் ஒரு சாலை. யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பது டீக்கடை பெஞ்சிலிருந்து பளிச்சென்று தெரியும். முதலில் கண்டுபிடித்தது வளர்மதி டீச்சர். அவர் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை தாமதமாக வீட்டுக்கு வந்தபோது, எங்கே போனீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "எந்த பங்க்ல போட்டீங்க?" என்று கேட்டார். மனிதர் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தபடியே இருந்தாராம். அடுத்த வாரத்துக்குள் அந்தக் கேள்வி எல்லா அடுப்படிகளிலும் இருந்தது. அப்பாவின் பங்க்கில் வண்டி நின்றால் அவன் போகக்கூடாத இடத்துக்குப் போகிறான் என்று ஊர் முடிவு கட்டியது, அதனால் போகவேண்டிய இடத்துக்குப் போகிறவன்கூட அங்கே நிறுத்தப் பயந்தான், அப்பா பளபளவென்று வாங்கிப்போட்ட எண்கள் ஓடுகிற பம்ப்புகளுக்கு முன்னால் நாய் படுத்துத் தூங்கியது.

இந்தப் பக்கமோ வரிசை மலையடிவாரக் கிளை வரைக்கும் நீண்டது. "சுடுகாட்டுக்கு" என்றது அமரர் ஊர்தி, ஏறியது. "கட்சி மாநாட்டுக்கு" என்றார்கள் பத்துப் பதினைந்து பைக்குக்காரர்கள், ஏறவில்லை, "பிரியாணிக்கு" என்றார்கள், ஏறியது, யாரும் வெட்கப்படவில்லை. "காலேஜுக்கு" என்ற ஒரு பையனுக்கு ஏறவில்லை, அவன் தலையைக் குனிந்து, "வீட்டுல இருக்கப் பிடிக்கல, சும்மா சுத்தப் போறேன்" என்றான், ஏறியது, வரிசையில் பின்னால் நின்ற அவனுடைய அப்பா அன்று வேலைக்குப் போகாமல் அவன் பின்னால் உட்கார்ந்து போனார். ஒரு பெண்ணும் பையனும் ஸ்கூட்டரில் வந்து, பெண்தான் சொன்னாள், "ஓடிப்போறோம் பெரியம்மா" என்று. குடுவை நிரம்பி வழிந்தது. பெண்ணின் சித்தப்பா வரிசையில்தான் நின்றார், பல்லைக் கடித்தார், கையைப் பிசைந்தார். காசிம் அண்ணன், "பம்ப்பே சரின்னுருச்சு, நீ யாருய்யா?" என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வேறு. ஸ்கூட்டி வைத்திருக்கிற பெண்கள் எங்கள் ஊரில் நிறைய, ஆனால் அது பிள்ளையை ஸ்கூலில் விட, ரேஷனுக்கு, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. அவர்களில் ஒருத்தி ஒரு நாள் "மார்க்கெட்டுக்கு" என்றாள், ஏறவில்லை. யோசித்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும்.

"எங்கயும் இல்ல பெரியம்மா. சும்மா ஒரு சுத்து."

பெட்ரோல் ஏறியது. அதற்கப்புறம் எத்தனை பேர் அந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று கணக்கு இல்லை, சாயங்காலமானால் மலையடிவார ரோட்டில் பெண்கள் வரிசையாகக் காற்று வாங்கிக்கொண்டு போவார்கள், எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால், "எங்கயும் இல்ல, பம்ப்ல கேட்டுப் பாரு" என்பார்கள்.

நான் விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் இடி விழுந்தது மாதிரி இருந்தது. அப்பா சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரோல் கம்பெனிக்கு எழுதிட்டேன்" என்றார். "லைசென்ஸ் இல்லாம பெட்ரோல் விக்கிறது குத்தம். வெள்ளிக்கிழம ஆபீசர் வாறாரு. பம்ப்ப புடுங்கி சீல் வச்சிருவாரு. பங்க்கையும் நிரந்தரமா எம்பேருக்கு மாத்தி அன்னைக்கே எழுதிருவாரு."

"யாரு பங்க்க யாரு பேருக்குப்பா?"

"அறிவு, வாய மூடு."

"அறிவுன்னு பேரு வச்சது நீங்கதான்."

அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிடுற நேரத்துல ஆரம்பிக்காதடி" என்றார், ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"யாரு கட்டுற ஃபீஸ்ல படிக்கிற?" என்றார் அப்பா.

"பெரியம்மா வெயில்ல நின்னு போட்ட பெட்ரோல் காசுல. நீங்க நடுவுல வந்து வாங்கிக் கட்டுனீங்க."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் நேரே சாலையைத் தாண்டிப் பெரியம்மாவிடம் போனேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், துக்க வீட்டில் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள், நான்தான் சட்டப்படி வாரிசு என்று ஒரு மனு எழுதலாம் என்றேன். பெரியம்மா எண்ணெய்ப் பிசுக்குக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அத எழுதுனா பம்ப்ப விட்ருவாகளா?"

"பம்ப்ப விடுங்க பெரியம்மா, பங்க்கே உங்களுது."

"பம்ப்ப விட மாட்டேன்டி. இது இல்லன்னா நான் மறுபடி அந்த மூலைக்குத்தான் போகணும்" என்றார். சொல்லிவிட்டு மனுவில் கையெழுத்தும் போட்டார். இந்தத் தடவை என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசர் வந்தார். இளைஞர், இஸ்திரி போட்ட சட்டை, பெயர் ஸ்ரீகாந்த். அளவு பார்க்கிற பித்தளைப் பாத்திரம், மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், சீல் வைக்க அரக்கு எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஊர் வேலைக்குப் போகவில்லை. பூக்காரி அன்று இரண்டு கூடை பூ கொண்டுவந்திருந்தாள்.

முதலில் தோண்டினார்கள். பம்ப்பைச் சுற்றி ஆள் இறங்குகிற ஆழத்துக்குத் தோண்டினார்கள். செம்மண், ஓட்டுச்சில்லு, ஒரு பழைய லாடம், மண்புழு. டேங்க் இல்லை, குழாய் இல்லை. பம்ப்பின் அடிப்பாகம் சும்மா மண்ணில் உட்கார்ந்திருந்தது. ஸ்ரீகாந்த் குழிக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "பைப் லைன் வேற எங்கயோ இருந்து வருது" என்று எழுதிக்கொண்டார். எங்கிருந்து என்று கேட்டேன். "அது விசாரணையில தெரியும்" என்றார். கண்ணுக்கு முன்னால் இல்லாததை விசாரணையில் கண்டுபிடிக்கிற படிப்பு எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டேன். முத்திருளன் விசில் அடித்தான்.

பிறகு மாதிரி எடுக்கவேண்டும் என்றார்.

"எங்கய்யா போறீங்க?" என்றார் பெரியம்மா.

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"சொன்னாத்தான் ஏறும்."

"ஆபீசுக்குப் போறேன். நடுநிலையா ரிப்போர்ட் குடுக்க."

காற்று இழுத்தது. ஜனங்கள் தொண்டையைக் கனைத்தார்கள். ஸ்ரீகாந்துக்குக் காது சிவந்தது.

"ஆபீசுக்குத்தான். போற வழியில தனுஷ்கோடி சார் வீட்டுல மதியச் சாப்பாடு."

கால்வாசி ஏறியது.

"கோழியாய்யா, ஆடாய்யா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவரையும் மீறி அவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு மீதியும் வந்துவிட்டது.

"ரிப்போர்ட் நேத்தே டைப் பண்ணியாச்சு. கையெழுத்துப் போடப் போறேன்."

குடுவை நிரம்பியது. அளவு சரியாக இருந்தது, சுத்தம் பார்த்தார், அவர்களுடைய கம்பெனிப் பெட்ரோலைவிடச் சுத்தமாக இருந்தது. அவர் பைக்குள்ளிருந்த டைப் அடித்த ரிப்போர்ட்டை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இதெல்லாம் கண்கட்டு வித்தை சார். இவுக கைப்பிடியில என்னமோ பண்றாக. தள்ளுங்க மதினி, நான் ஆட்டுறேன்" என்றார். பெரியம்மா தள்ளி நின்றார். அப்பா கைப்பிடியைப் பிடித்தார்.

"எங்க போறீகன்னு சொல்லுங்க முதலாளி" என்றான் முத்திருளன்.

"கோயிலுக்குப் போறேன்."

வரவில்லை.

"என் மக காலேஜுக்குப் போறேன்."

வரவில்லை. கைப்பிடி கிரீச்சிட்டது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியது. அவர் ஊர்ப்பெயர்களாகச் சொல்ல ஆரம்பித்தார், மதுரை, திருச்செந்தூர், பழனி, ராமேஸ்வரம், தன் பெயர் கொண்ட கடற்கரைவரைக்கும் போனார், சொந்தக்காரர் வீடுகளையெல்லாம் சொன்னார், கண்ணாடி வெறுமையாக வெயிலில் மின்னியது, யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காததுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை என்று நினைக்கிறேன். என் அப்பாவை எனக்குத் தெரியும். சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார்.

கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். குரல் இறங்கியது.

"எங்க போறேன்னு தெரியல மதினி. அண்ணன் இருக்கும்போது நீங்க பங்க்குக்குள்ள இருப்பீக, லாரிக்காரன் உங்களுக்குக் கும்பிடு போடுவான், நான் ஓரத்துல நிப்பேன். ஒருத்தன் என்னப் பாத்து, அந்தம்மாவோட கொழுந்தனான்னு கேட்டான். அன்னைலருந்து உங்க எடத்துக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். துண்ட கட்டிக்கிட்டும் போனேன், உங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டும் போனேன். அது உங்களுதுன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். இன்னும் போய்ச் சேரல."

அவர் ஆட்டவில்லை. கைப்பிடி தானாகவே ஒருமுறை முன்னே வந்து பின்னே போனது. பெட்ரோல் ஏறியது, ஏறி, விளிம்பைத் தாண்டி, சிவப்புச் சாயத்தில் வழிந்து, தோண்டிப்போட்ட குழிக்குள் இறங்கியது. "பீடிய அணைங்கடா!" என்று காசிம் அண்ணன் கத்தினார். ஊர் தன் பீடிகளை அணைத்தது.

நான் அந்த நேரத்தில் அழுதிருக்கலாம். அழவில்லை. மனுவை எடுத்து ஸ்ரீகாந்திடம் நீட்டினேன். "தெரிஞ்சேதான் எடுத்தேன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா சார்? நீங்களும் சாட்சி." அவர் மனுவை இரண்டு தடவை படித்தார். தன் கையிலிருந்த ரிப்போர்ட்டைக் குறுக்கே கிழித்தார். பழைய பம்ப்பைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தார்.

"நினைவுச் சின்னம்னு எழுதிக்கிறேன்" என்றார் கடைசியில். "நினைவுச் சின்னத்துக்கு லைசென்ஸ் தேவையில்ல."

மதியச் சாப்பாட்டுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா கோழிக்குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, இத்தனை நாளில் முதல்முறையாகச் சாலையைத் தாண்டி வந்து, பெரியம்மா வீட்டில் எல்லாருக்கும் பரிமாறினார்.

கம்பெனியிலிருந்து பெயர் மாற்ற உத்தரவு வருவதற்குக் கோடைகாலம் முழுவதும் ஆனது. வந்தது. போர்டை இறக்கி சோலையம்மாள் என்று புதிதாக எழுதி ஏற்றினார்கள். திறக்கிற அன்று மேளம் வைத்தது ஆட்டோ சங்கம், மாவிலைத் தோரணம் கட்டியது சாயங்காலச் சுற்றுக்குப் போகிற பெண்கள். எண்கள் ஓடுகிற பம்ப்புகள் அந்தப் பக்கம், சிவப்பு பம்ப் இந்தப் பக்கம், இரண்டிலும் பெரியம்மாவின் சட்டம்தான். அவசரக்காரர்கள் முழு விலை கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள், எங்கே போகிறோம் என்று தெரிந்தவர்கள் சாலையைத் தாண்டி வந்தார்கள். வெள்ளைச் சேலையைப் பெரியம்மா அன்றைக்குக் கட்டவில்லை. ஊதாவில் கட்டம்போட்ட சேலை, இடுப்பில் செருகிய துடைப்புத்துணி, காலில் கேன்வாஸ் ஷூ. மேளச் சத்தத்தில் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, ஒவ்வொரு டிரைவரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

வரிசை நீளமாக நின்றது. அப்போது அப்பா தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. முகத்தைச் சுத்தமாகச் சிரைத்திருந்தார், நல்ல வேட்டி கட்டியிருந்தார். வரிசையில் நின்ற எல்லாரையும் தாண்டி, பைக்குகளைத் தாண்டி, ஸ்கூட்டிகளைத் தாண்டி, முத்திருளனையும் தாண்டி, நேரே முன்னால் வந்து சிவப்பு பம்ப்புக்குப் பக்கத்தில் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"மதினி" என்றார். "பொய் சொல்ல வரல. என்ன மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னாலும் பரவால்ல, உங்ககிட்ட ஒரு ஆளா வேலைக்கு வச்சுக்கங்க. காத்து பிடிக்கிறேன், கண்ணாடி தொடைக்கிறேன். என்ன சொல்றீங்க?"

சரி என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு பயம், இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு பயம், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மகளுக்கு வரும், அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை.

பெரியம்மா துடைப்புத்துணியில் கையைத் துடைத்தார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவருக்குப் பின்னால் சாலை வளைவு வரைக்கும் நீண்டிருந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பங்க் நடத்துகிறவரின் முகம்தான் இருந்தது.

"உனக்கு முன்னாடி முத்திருளன் நிக்கிறான் தம்பி. பின்னால போயி வரிசையில வா."